எதிர்ப்பக்கத்து வரைபடம்

மோசடி செய்ததாகச் சந்தேகிக்கப்படும் பரீட்சார்த்தி தன் பரீட்சையை முடிப்பதற்கு அனுமதிக்கப்பட வேண்டும். விதி அவ்வளவுதான். சந்தேகத்தைப் பிறகு விசாரிக்கலாம். பரீட்சார்த்தியின் விளக்கத்தைக் கேட்கலாம். முடிவை எழுத்தில் கொடுக்கலாம். ஆனால் நடுவில் நிறுத்தக் கூடாது. சந்தேகம் பிழையென்று பிறகு தெரியவந்தால், நிறுத்திய பரீட்சையை எங்கேயிருந்து திரும்பத் தொடங்குவது?

மேற்பார்வையாளர்களுக்கான கைநூலில் இந்த விதியை மஞ்சள் மையால் கோடிட்டு வைத்திருந்தேன். கைநூல் என் சட்டைப் பையில் இருந்தது. விதி மீறப்பட்டபோது நான் அதே அறையில் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

முப்பது வருடங்கள் ஒஸ்லோ மாநகர நிர்வாகத்தில், மேன்முறையீடுகளைப் பார்க்கும் பிரிவில் வேலை செய்தவன் நான். வீட்டு உதவி மறுக்கப்பட்டவர்கள், பாலர் பாடசாலையில் இடம் கிடைக்காதவர்கள், வாகனம் நிறுத்தும் அனுமதியை இழந்த ஊனமுற்றவர்கள் எனப் பலருக்கும் நான் கையொப்பமிட்ட கடிதங்கள் போயிருக்கின்றன. பெரும்பாலான கடிதங்கள் "துரதிர்ஷ்டவசமாக" என்ற சொல்லோடு தொடங்கும். ஓய்வு பெற்ற பிறகு இந்த நகரத்தில் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு வேலைகள் கிடைக்கும். தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் உட்காரலாம். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளைக் கழிப்பறை வாசல்வரை கூட்டிக்கொண்டு போகலாம். நான் இரண்டையும் செய்தேன். வீட்டில் இருந்தால் என் மனைவி குளிர்சாதனப் பெட்டியைத் துடைக்கச் சொல்வாள்.

அது ஜூன் மாதத்தின் முதற் கிழமை. நகரின் கிழக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கு வரலாறு வாய்மொழிப் பரீட்சை. இவர்கள் பள்ளி மாணவர்கள் அல்லர். வேலை செய்துகொண்டே, விட்டுப்போன ஒரு பாடத்தை எடுக்க வரும் பெரியவர்கள். ஒவ்வொருவரும் ஒரு உறையை எடுப்பார். அதற்குள் கேள்வி இருக்கும். அரை மணி நேரம் ஒரு பக்க அறையில் தனியே இருந்து ஆயத்தம் செய்யலாம். பிறகு பக்கத்து அறையில் இரண்டு பரீட்சகர்களுக்கு முன்னால் அரை மணி நேரம் பேச வேண்டும். அந்தப் பக்க அறையில் உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்ப்பது என் பொறுப்பு.

பத்து மணிக்கு வந்தவர் ஒரு தமிழ்ப் பெண். ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கும் வயது. சாம்பல் நிற மேலங்கி, காதை மூடிய தலைமுடி. என்னையும் தமிழன் என்று கண்டதும் முகம் மலர்ந்தது. நான் அதைக் கவனிக்காதவன் போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் எடுத்த உறையில் இருந்த கேள்வி இது: வட அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள், அந்தக் காலத்தின் மிகப் பலம் வாய்ந்த பேரரசுக்கு எதிரான விடுதலைப் போரில் எப்படி வென்றன?

நல்ல கேள்விதான். அரை மணி நேரத்தில் இரண்டு பக்கம் குறிப்பு எழுதலாம். அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. வலக்கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. பாடம் ஒப்பிக்கப் போகும் பிள்ளையின் கை அது. எனக்கு அதை நன்றாகத் தெரியும். என் கையும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஓடியது.

நேரம் முடிய ஒரு நிமிடம் இருந்தபோது அவர் கண்ணைத் திறந்து, வெற்றுத் தாளைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணை, வெறுங்கையோட போகலாம்தானே? கடுதாசி கட்டாயமோ?"

"பரீட்சை பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

"ஓம் ஓம். குறை நினைக்காதேங்கோ" என்றார் தமிழில். தாளை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கதவுக்கு அப்பால் அடுத்த பதினோரு நிமிடங்கள் நடந்ததைப் பரீட்சை அறிக்கையிலிருந்தும் அவர் சொன்னதிலிருந்தும்தான் அறிந்தேன். அவர் எழுந்து நின்றுகொண்டு பதில் சொல்லத் தொடங்கினார். இந்த நாட்டில் யாரும் நின்று பதில் சொல்வதில்லை. உட்காரச் சொன்னார்கள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, ஏற்ற இறக்கமில்லாமல், தடங்கலில்லாமல் பேசினார். வரி, தேயிலை, முதல் துப்பாக்கிச் சூடு, குளிர்கால முகாம், பிரெஞ்சுக்காரரோடு செய்த ஒப்பந்தம் என்று வரிசை பிசகவில்லை. ஒரு பந்தியின் முடிவில், அதே குரலில், "எதிர்ப்பக்கத்து வரைபடத்தைப் பார்க்கவும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போனார்.

பரீட்சகர்களில் ஒருவர் அந்தப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர், இளைஞர். மற்றவர் வேறொரு பள்ளியிலிருந்து வந்த வெளிப் பரீட்சகர், நரைத்த தலையுடைய பெண்மணி. வெளிப் பரீட்சகர் கையை உயர்த்தி அவரை நிறுத்தி, "இந்தக் காரணங்களில் மிக முக்கியமானது எது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்தப் பெண் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பிறகு பந்தியின் தொடக்கத்திற்குப் போய், அதே சொற்களை, அதே இடங்களில் மூச்சு விட்டுத் திரும்பச் சொல்லத் தொடங்கினார்.

கதவு திறந்தது. வெளிப் பரீட்சகர் என்னை உள்ளே அழைத்தார்.

"யாரோ ஒருவர் பாடநூலை இவருடைய காதுக்குள் வாசிக்கிறார் என்று சந்தேகிக்கிறோம். துரதிர்ஷ்டவசமாக இவருடைய காதுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சாட்சி."

"துரதிர்ஷ்டவசமாக" என்ற அந்தச் சொல்லை எனக்கு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எப்போதும் நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தமிழ்ப் பெண் தலைமுடியை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் காட்டினார். காதில் சிவப்புக் கல் வைத்த தோடுகள் இருந்தன. வெளிப் பரீட்சகர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "இவற்றையும் கழற்ற முடியுமா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "கழட்டச் சொல்லினமோ அண்ணை?"

பரீட்சார்த்தியைச் சோதனையிட அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பரீட்சையை நிறுத்தவும் அதிகாரம் இல்லை. எந்த விதி, எந்தப் பக்கம் என்பதும் தெரியும். வாய்மொழிப் பரீட்சையில் மேற்பார்வையாளர் குறுக்கிடக் கூடாது என்பதும் தெரியும். மூன்றும் தெரிந்த நான், மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, தலையாட்டினேன்.

தோடுகளின் பின்பக்கச் சுரை இறுகியிருந்தது. வருடக்கணக்காக அவர் அவற்றைக் கழற்றியிருக்க மாட்டார். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துத் திருகத் திருக நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இளம் ஆசிரியர் இடையிலேயே ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார். காதுச் சோணை சிவந்துபோனது. கடைசியில் மேசையில் நான்கு சிறு பொருட்கள் இருந்தன: இரண்டு தோடு, இரண்டு சுரை. வெளிப் பரீட்சகர் ஒரு பேனாவின் நுனியால் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். அவை தோடுகள்தான்.

அதற்குப் பிறகாவது பரீட்சையைத் தொடர்வார்கள் என்று நினைத்தேன். நேரம் முடிந்துவிட்டதென்றும் அடுத்தவர் வெளியே காத்திருக்கிறார் என்றும் சொன்னார்கள். "கருவி எதுவும் கண்டெடுக்கப்படவில்லை" என்ற வாக்கியத்தின் கீழ் நான் கையொப்பமிட்டேன். நேரத்தையும் குறித்தேன். என் கையெழுத்து வழக்கம்போல் அழகாகவே இருந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பிற்பகல், புருசெத்தில் உள்ள எங்கள் வீட்டு மணி அடித்தது. அவர்தான். தமிழ்க் கடையில் "பரீட்சைக்குக் காவல் இருக்கிற உயரமான ஐயா" என்று விசாரித்தாராம். கால் மணி நேரத்தில் எங்கள் மாடி இலக்கம்வரை சொல்லிவிட்டார்கள். கையில் ஒரு கடிதமும், உறை கிழிந்து ஒட்டுப் போட்ட ஒரு பாடநூலும் இருந்தன.

கடிதத்தை வாசித்தேன். பரீட்சை செல்லாது. கருவி கிடைக்கவில்லை என்றாலும், பாடநூலைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னதற்கு வேறு விளக்கம் இல்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு வருடம் நிறையும்வரை மீண்டும் தோற்ற முடியாது.

கருவி கிடைக்காததே கருவி இருந்ததற்குச் சான்றாகியிருந்தது. முப்பது வருடங்களில் நானும் பல மோசமான கடிதங்களை எழுதியிருக்கிறேன். இவ்வளவு மோசமான ஒன்றை எழுதியதில்லை என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

அவர் கதையைச் சொன்னார். பதினெட்டு வருடங்களாக ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் உதவியாளர் வேலை. தாதியாக வேண்டுமென்றால் கல்லூரி போக வேண்டும். கல்லூரிக்கு மேல்நிலைப் பாடங்கள் முழுவதும் வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து முடித்துவிட்டார். மிச்சம் வரலாறு மட்டும். அடுத்த வருடம் ஓகஸ்டில் படிக்கப் போவதற்கு அவருடைய இல்லம் விடுப்புத் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. அந்த வருடத்துக்கு மட்டும். அதற்கு வருகிற இலையுதிர் காலத்தில் வரலாற்றில் தேற வேண்டும். இலையுதிர் காலப் பரீட்சைக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் செப்டெம்பர் பதினைந்து.

ஒரு வருடத் தடை என்பது உண்மையில் ஒன்றரை வருடம். அடுத்த கோடைப் பரீட்சை வருடம் நிறைவதற்குச் சில நாட்கள் முன்பே முடிந்துவிடும். அதைக் கடிதம் எழுதியவர் கவனித்திருக்க மாட்டார். நான் கவனித்தேன். சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தபோது சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

"இதில் நான் தலையிட முடியாது. நான் அந்தப் பரீட்சையின் மேற்பார்வையாளர். பக்கச்சார்பு என்று சொல்வார்கள்" என்றேன்.

தேநீர் கொண்டுவந்த என் மனைவி தட்டைக் கையில் வைத்தபடி நின்றாள். "இஞ்சருங்கோ. அந்தப் பிள்ளை அண்டைக்கு உங்களிட்டை ஏதோ கேட்டதெண்டு சொல்லுது. என்ன கேட்டது?"

"கடுதாசி கொண்டு போகவேணுமோ எண்டு கேட்டனான் அக்கா" என்றார் அவர்.

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"பரீட்சை பற்றிச் சொல்ல முடியாது என்று."

"தமிழிலயோ?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"தமிழில கேட்ட பிள்ளைக்கு நோர்ஸ்கில மறுமொழி! நல்ல காலம், தலைப்புப் போட்ட கடிதத்தில எழுதிக் குடுக்கேல்லை." அவள் தட்டை வைத்தாள். "கடுதாசி கொண்டு போகலாமோ எண்டு சொல்றது ஆற்றை வேலை?"

நான் எழுந்து போய்க் கைநூலை எடுத்து வந்தேன். இரண்டாம் பக்கம். ஆயத்த நேரத்தில் எழுதிய குறிப்புகளைப் பரீட்சை அறைக்குள் கொண்டு செல்லலாம். இதைப் பரீட்சார்த்திக்குத் தெரிவிப்பது மேற்பார்வையாளரின் கடமை. அந்தப் பக்கத்தில் மஞ்சள் மை இல்லை. அவருக்கு முன்னால் ஒரு தாள் இருந்திருந்தால், அதில் நான்கு கிறுக்கல் இருந்திருந்தால்கூட, எவரும் அவருடைய காதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பாரபட்சம் காட்டக் கூடாது என்ற பயத்தில், எல்லாருக்கும் சொல்ல வேண்டியதை அவர் ஒருவருக்கு மட்டும் நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"உண்மையாகவே பாடமாக்கினீர்களா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

அவர் பாடநூலை என்னிடம் நீட்டினார். "எந்தப் பக்கமெண்டாலும் விரியுங்கோ."

குளிர்கால முகாம் பற்றிய பக்கத்தை விரித்து முதல் இரண்டு சொற்களை வாசித்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, தொடர்ந்தார். நான் வரிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு காற்புள்ளிகூடத் தப்பவில்லை. பந்தி முடிந்தது. "படம்: முகாமில் படையினர். அவர்களின் கால்களில் சுற்றியுள்ள துணிகளைக் கவனிக்கவும்" என்று அதையும் சொன்னார்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "படத்துக்குக் கீழை இருக்கிறதையும் விடேல்லையோ பிள்ளை!"

"எது முக்கியம், எது முக்கியமில்லை எண்டு எனக்கு எப்பிடியக்கா தெரியும்? புத்தகத்தில போட்டிருக்கினம். போட்டதை விட்டால் குறைச்சுப் போடுவினம் எண்டு நினைச்சன்."

"இவ்வளவத்தையும் எப்பிடி?"

"நான் வேலை செய்யிற சீக்கயெம்மில, அந்த முதியோர் இல்லத்தில, ஒரு ஐயா இருக்கிறார். தொண்ணூறு தாண்டினவர். ஞாபகசக்தி இல்லை. சாப்பாடு தீத்தேக்கை அவருக்குச் சொல்லிக் காட்டுவன். நேற்றுச் சொன்னது இண்டைக்கு அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும், கடைசியில ஆர் வெண்டது எண்டு கேப்பார். குடியேறினவை எண்டு சொன்னால், 'சும்மா சொல்லாதை!' எண்டு கண்ணை முழுசுவார். ஒவ்வொரு நாளும் அவருக்கு அதிர்ச்சி."

"அவரையெல்லோ பரீட்சைக்கு வைச்சிருக்கவேணும்" என்றாள் என் மனைவி.

நான் புத்தகத்தை மூடினேன். வெளிப் பரீட்சகர் கேட்ட கேள்வியையே கேட்டேன். புத்தகத்தை விடுங்கள், எப்படி வென்றார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

அவர் உடனே தொடங்கியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"வெண்டவை எண்டு சொல்றதே முழுச் சரியில்லை அண்ணை. கன காலம் தோத்துத் தோத்துத்தான் நிண்டவை. பெரிய பட்டினங்களை விட்டிட்டு ஓடினவை. ஆனால் படை கலையேல்லை. அதுதான் அவையின்ர கெட்டித்தனம். இங்கிலிஸ்காரன் சண்டையில வெண்டாலும், அடுத்த நாள் காலமை சாப்பாட்டுக்குக் கடலைப் பாக்கவேணும். இலண்டனில இருந்து கட்டளை வர மாதக்கணக்கு. அது வந்து சேரேக்கை இஞ்சை நிலமை மாறியிருக்கும். கூலிக்கு ஜெர்மன்காரரைப் பிடிச்சுக்கொண்டு வந்தவை. அவங்களுக்கென்ன, அது அவங்கட சண்டையே?"

"பிறகு?"

"பிறகு அம்மை. அதை ஆரும் பெரிசாக் கதைக்கிறேல்லை. சண்டையில செத்ததைவிட நோயில செத்தவைதான் கூட. குடியேறினவையின்ர தளபதி படை முழுக்க அம்மை குத்துவிச்சவர். மாட்டன் எண்டு நிண்டவைக்கும். எனக்கு அந்தப் பகுதிதான் நல்ல விருப்பம். ஒவ்வொரு வருசமும் இல்லத்தில இருக்கிறவையைக் காய்ச்சல் ஊசிக்குச் சம்மதிக்க வைக்க நான் படுற பாடு எனக்கெல்லோ தெரியும்."

பன்னிரண்டு வரிகளில் அவர் சொன்ன இதை அந்த அறையில் சொல்லியிருந்தால் உயர்ந்த புள்ளி கிடைத்திருக்கும். முப்பது வருடம் கோப்புகள் வாசித்த எனக்கு அதில் சந்தேகமில்லை.

"எல்லாவற்றிலும் முக்கியமானது எது?"

அவர் கோப்பையை எடுத்தார். குடிக்காமல் வைத்தார்.

"கப்பல்."

என் மனைவி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"யோர்க்டவுன் எண்ட இடத்தில இங்கிலிஸ்காரன்ர படை கடற்கரையோட ஒதுங்கிப்போய் நிண்டது. முன்னால குடியேறினவை. பின்னால தண்ணி. எங்கட கப்பல் வரும் எண்டு காத்துக்கொண்டு நிண்டவங்கள். வருது, வருது எண்டு மேலிடத்தில இருந்து கடிதமும் வந்தது. பிரெஞ்சுக்காரன்ர கப்பல் முதல் வந்து குடாவை மறிச்சுப் போட்டுது. இங்கிலிஸ்காரன்ர கப்பல், சரணடைஞ்சு சில நாளைக்குப் பிறகுதான் வந்ததாம்." அவர் விரல்கள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தன. "அந்த அம்மா அதைத்தான் கேட்டவ. எது முக்கியம் எண்டு. கப்பல் எண்டு சொல்ல வாய் திறந்தனான். சொன்னால் அழுதிடுவன் எண்டு தெரிஞ்சுது. பிறகு அவைக்கு முன்னால அழுதுகொண்டு நிக்கிறதே? அதுதான் திருப்பி முதலில இருந்து சொல்லத் தொடங்கினனான்."

"ஏன் பிள்ளை?" என்றாள் என் மனைவி மெதுவாக.

"என்ர தங்கச்சி எங்கட சண்டையின்ர கடைசி நேரம் அங்கை ஊரில கடற்கரையில நிண்டவள். ரண்டு பிள்ளையளோட. ஒரு நாள் ஆற்றையோ போனில கதைச்சவள். ஒரு பாதை இருக்காம், கொஞ்சப் பேர் வெளிக்கிடினமாம், நானும் போகட்டோ எண்டு கேட்டவள். இஞ்சை ஒஸ்லோவில எல்லாரும் கப்பல் வருதாம் எண்டு கதைச்சவை. நான்தான் சொன்னனான், அங்கையே நில், கப்பல் வருதாம் எண்டு. அதுக்குப் பிறகு அவள் கதைக்கேல்லை."

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஊரில் போர் முடிந்துகொண்டிருந்த அந்த ஏப்ரலில் நாங்கள் எல்லாரும் நாடாளுமன்றத்துக்கு முன்னால் குளிரில் நின்றோம். நல்ல நோர்வேஜிய மொழியில் மனு எழுதத் தெரிந்தவன் என்று என்னைப் பிடித்தார்கள். நான் எழுதினேன். மக்களை ஏற்றிச் செல்ல ஒரு கப்பலை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று, உரிய அமைச்சுக்கு, உரிய முகவரியில், உரிய வடிவத்தில். அதன் பிரதிகள் மண்டபங்களில் சுற்றின. காலையில் நான் எழுதிய "கேட்டுக்கொள்கிறோம்" மாலையில் தொலைபேசிகளில் "வருகுதாம்" ஆகிவிட்டதைக் கேட்டேன். திருத்த வேண்டும் என்று தோன்றியது. எந்த நபருக்கு, எந்த வழியில் திருத்தம் அனுப்புவது என்று யோசித்தேன். சனங்கள் சந்தோசமாக இருந்தார்கள். விட்டுவிட்டேன்.

கப்பல் கதைக்கு வேறு பல ஊற்றுகள் இருந்தன. என் மனு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் சமையலறையில், பழுப்பு மேசை விரிப்புக்கு அந்தப் பக்கத்தில், அதை நம்பிய ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. அவருக்கு அதை நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மேன்முறையீட்டுக் காலம் முடிய நான்கு நாட்கள் இருந்தன. சாட்சி தான் கண்டதை எழுத்தில் தருவதை எந்த விதியும் தடுக்கவில்லை. தேடிப் பார்த்தேன், உண்மையில் தடுக்கவில்லை. மேன்முறையீட்டை அவர் தன் சொற்களில் எழுதினார். முதல் நகலில் சட்டப் பிரிவை முழுதாக மனப்பாடம் செய்து எழுதி வைத்திருந்தார். அதை வெட்டச் சொன்னேன். நான் தனியாக ஒரு சாட்சிக் கூற்று எழுதினேன். ஒன்று, பரீட்சையை முடிக்க அவர் அனுமதிக்கப்படவில்லை. இரண்டு, அதிகாரமின்றி அவருடைய காதணிகள் கழற்றப்பட்டன. நான் அங்கே நின்றேன், தடுக்கவில்லை. இவ்விரண்டையும் எழுத அரை மணி நேரம் போதுமாக இருந்தது. மூன்றாவதை எழுத இரண்டு நாட்கள் எடுத்தன: குறிப்புகளைக் கொண்டு செல்லலாமா என்று பரீட்சார்த்தி கேட்டபோது, சொல்ல வேண்டிய கடமை இருந்தும் நான் சொல்லவில்லை.

"மூண்டையும் எழுதினியளோ?" என்று என் மனைவி கேட்டாள்.

"எழுதுகிறேன்."

"எழுதாட்டி நான் எழுதி ஒட்டுவன். என்ர நோர்ஸ்க் உங்களுக்குத் தெரியுந்தானே. மானம் போறது உங்களுக்குத்தான்."

எழுதினேன். அனுப்பினோம். கிடைத்தது என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. ஒரு மாதத்துக்குள் முடிவு தர முடியாவிட்டால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி ஓர் இடைக்காலப் பதில் அனுப்ப வேண்டும். அது வரவில்லை. ஜூலையில் இந்த நாட்டில் எதுவும் வராது. எல்லாரும் கடற்கரைக் குடிசைகளில் இறால் உரித்துக்கொண்டிருப்பார்கள். ஓகஸ்டிலும் வரவில்லை. தொலைபேசி எடுத்தேன். ஓர் இளம் குரல், "உங்கள் விடயம் வரிசையில் இருக்கிறது. துரதிர்ஷ்டவசமாக இப்போது வேறு எதுவும் சொல்ல முடியாது" என்றது. அது அன்பான குரல். அதே வசனத்தை அதே அன்போடு எத்தனை ஆயிரம் தடவை நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தபோது ரிசீவரைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. மறுமுனை எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது.

அவர் ஒவ்வொரு கிழமையும் ஒரு தடவை அழைப்பார். "வந்ததோ அண்ணை?" என்று கேட்க மாட்டார், கடிதம் அவருக்குத்தான் வரும். "வரேல்லை அண்ணை" என்று மட்டும் சொல்வார். தடை இருக்கும்வரை பதிவுத் தளம் அவருடைய பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தார். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்ததாம். இல்லத்தில் விடுப்புப் பற்றிக் கேட்கிறார்கள், வேறு ஒருவர் காத்திருக்கிறார் என்றார். நான் திரும்பவும் எழுதினேன், இந்த முறை இடைக்காலப் பதில் பற்றிய விதியை மேற்கோள் காட்டி. அதற்கும் தானியங்கிப் பதில் வந்தது.

செப்டெம்பர் முதற் கிழமையில் பள்ளியிலிருந்து மேற்பார்வையாளர் பட்டியல் வந்தது. அதில் நான் இல்லை. என் மனைவி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காட்டினாள்.

கடைசியில் பதில் வந்தது. அவர் வேலையில் இருந்தார். இடைவேளையில் கைபேசியில் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். "வாசிக்கிறன், கேளுங்கோ" என்று தொடங்கியவர் இரண்டாவது வரியில், "நீங்களே வாசியுங்கோ" என்றார். எனக்கு அனுப்பி வைத்தார். நான் வாசித்தேன். முடிவு நீக்கப்படுகிறது. காரணம்: பரீட்சார்த்தி தன் பரீட்சையை முடிக்க அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். தடை இல்லை. அடுத்த பரீட்சைக்கு அவர் பதிவு செய்யலாம். அந்தச் சூழ்நிலை சங்கடமாக உணரப்பட்டிருந்தால் வருந்துகிறார்கள். காதணிகள் பற்றி அதற்கு மேல் ஒன்றுமில்லை. என் மூன்றாவது புள்ளி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை எவரும் வாசித்தாரா என்றே தெரியவில்லை.

"இப்பவே பதியுங்கள், பதிவு முடியப் போகிறது. தொலைபேசியை வைத்துவிட்டுப் பதியுங்கள்" என்றேன். அவர் மருந்துத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே பதிந்தார். பத்து நிமிடம் கழித்து உறுதிப்படுத்தும் செய்தியின் படத்தை அனுப்பினார்.

நான் பதிலை அச்சிட்டு, கோப்பில் வைத்து, பழைய வழக்கப்படி மேல் வலது மூலையில் பென்சிலால் குறித்தேன். கிடைத்த திகதி: செப்டெம்பர் பதினான்கு.